பில் நம்பர் கொடுப்பது யார்?

ஆர்.எஸ்.புரத்தில் கடை நடத்தும் நம்மில் பெரும்பாலோர் பில் நம்பரைப் பற்றி யோசிப்பதே இல்லை. பில் புத்தகம் இருந்த காலத்தில் அச்சகத்துக்காரர் நம்பர் அடித்துக் கொடுத்தார், கவலை அவருடையது. இன்று அந்த வேலையைக் கடையின் மெயின் கம்ப்யூட்டரில் திரைக்குப் பின்னால் ஓடும் ஒரு சிறு புரோகிராம் செய்கிறது. 'சர்வீஸ்' என்பார்கள். எந்தக் கவுன்டரில் பில் போட்டாலும் அடுத்த நம்பரை அதனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அது நின்றால்? நம் பகுதி மொத்த வியாபாரி ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். சனிக்கிழமை மாலை கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்தது, சர்வீஸ் எழவில்லை. கூட்ட நேரம்; பில் போடும் தம்பி, கவுன்டரே நம்பர் போட்டுக்கொள்ளும்படி மாற்றிவிட்டார். திங்களன்று சர்வீசை மறுபடி ஓட்டியதும், அது சனிக்கிழமை தான் விட்ட இடத்திலிருந்தே எண்ணத் தொடங்கியது. ஒரே நம்பரில் இரண்டிரண்டு பில்கள்!

2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டியவர்கள், வியாபாரிகளுக்குப் போடும் பில்லை அரசு போர்ட்டலில் பதிந்து 64 எழுத்து கொண்ட ஐ.ஆர்.என். பெற வேண்டும். நமது ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் நம்பர் இவற்றை வைத்தே அது உருவாகிறது. தேதியும் தொகையும் வேறாக இருந்தாலும் போர்ட்டலுக்கு அக்கறையில்லை. இரண்டாவது பில்லைத் திருப்பிவிடும். சரக்கோ ஈரோடு போய்விட்டது. ஐ.ஆர்.என். இல்லாத பில்லை விதி 48(5) பில்லாகவே ஏற்பதில்லை. வாங்கியவருக்கு வரி வரவு சிக்கல், விற்றவருக்குக் கெட்ட பெயர். போர்ட்டலில் பில்லை ரத்து செய்ய 24 மணி நேரமே அவகாசம். ரத்தான நம்பரை மீண்டும் பயன்படுத்தவும் முடியாது.

கம்ப்யூட்டர் உலகம் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. லினக்ஸில் 'யுயுஐடிடி' என்ற சர்வீஸ் உண்டு. ஒரே நொடியில் பல புரோகிராம்கள் கேட்டாலும் ஆளுக்கொரு தனி அடையாளம் தரும். ஆனால் அது 36 எழுத்து. நமக்கு விதி 46 அனுமதிப்பது 16 எழுத்துதான். அதுவும் வரிசை தவறாமல் இருக்க வேண்டும். எனவே அதை அப்படியே பில்லில் போட வழியில்லை.

ஆனால் அதே விதி ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. கவுன்டருக்கு ஒரு முன்னெழுத்து கொடுத்துவிட்டால், சர்வீஸ் படுத்தாலும் ஒன்றின் நம்பர் மற்றொன்றோடு மோதாது. (பெரிய 'ஏ', சிறிய 'ஏ' என்று பிரிக்க வேண்டாம், 2025 ஜூன் முதல் போர்ட்டல் இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறது.) இதைச் செய்து தராமல் ஆண்டுக் கட்டணம் மட்டும் வாங்கிப் போகும் சாப்ட்வேர்காரரிடம் நம்மவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதே நமக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டர் எழும்போது சர்வீசும் தானே எழ வேண்டும். நின்றால் கவுன்டரில் சிவப்பு எழுத்தில் தெரிய வேண்டும். நம்பர் முறையை மாற்ற முதலாளியின் பாஸ்வேர்டு கேட்க வேண்டும். அடுத்த கட்டணம் தருமுன் இம்மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஏப்ரல் 1 அன்று வரிசை புதிதாகத் தொடங்கும் முன்பே இது முடிந்தாக வேண்டும்.