என்ஜினுக்கு எத்தனை முகம்?

ரயில் ஏறும்போது நாம் தேடுவது கோச் நம்பர், பெர்த் நம்பர், தண்ணீர் பாட்டில். என்ஜின் பக்கம் போய் வேடிக்கை பார்ப்பது குழந்தைகள் மட்டும்தான். இந்த வாரம் நீங்களும் என்னோடு பிளாட்பாரத்தின் கோடி வரை நடந்து வாருங்கள்.

டபிள்யூ.டி.பி-4 என்று ஒரு டீசல் என்ஜின். பயணிகள் ரயிலுக்கென்றே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிடம் வாங்கியது. முதல் என்ஜின்கள் 2001-இல் வந்தன. பிறகு வாரணாசி தொழிற்சாலையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். காலங்காலமாக நம்மை இழுத்த டபிள்யூ.டி.எம்-2-க்கு 2,600 குதிரைசக்தி. இதற்கோ 4,000. மணிக்கு 160 கி.மீ. ஓடும் தெம்பு. நல்ல என்ஜின்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை, டிரைவர் உட்காரும் இடம் பற்றி.

இந்த என்ஜினுக்கு ஒரே ஒரு கேபின். அதுவும் ஒரு கோடியில். அந்தக் கோடி முன்னால் போனால் கவலையில்லை. திரும்பி வரும்போது? டிரைவருக்கு முன்னால் என்ஜினின் முழு நீள உடம்பும் சுவர் மாதிரி நிற்கும். ஓரமாக எட்டிப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். தன் பக்கம் தெரிவது அவருக்கு. மறுபக்கத்தை உதவியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். மழை ராத்திரி, வளைவான பாதை, தூரத்தில் ஒரு சிக்னல், பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் இது பெரிய பிரச்னை இல்லை. அங்கே சரக்கு ரயில்தான் ராஜா. இரண்டு மூன்று என்ஜின்களை முதுகோடு முதுகு சேர்த்து மாட்டுவார்கள். எந்தத் திசையில் போனாலும் முன்னால் ஒரு கேபின் இருக்கும். நாமோ ஒற்றை என்ஜினை மாட்டி, போன ஊரிலிருந்து அப்படியே திரும்ப ஓட்டுகிறவர்கள். அவர்கள் சட்டையை அளவெடுக்காமல் நாம் போட்டுக்கொண்டோம்.

'அன்றைக்குத் தெரியாது சார்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே வாரணாசியில் 1998-இலேயே இரண்டு பக்கமும் கேபின் வைத்த பயணிகள் டீசல் என்ஜினைச் செய்திருந்தார்கள். நம்ம திருச்சி பொன்மலை ஷெட்டிலும் அந்த ரகம் இருந்தது. மின்சார என்ஜின்களுக்கோ இரண்டு கேபின் என்பது பல பத்தாண்டுப் பழக்கம். தெரிந்தே விட்டதுதான் வலிக்கிறது.

இரண்டு கேபினோடு டபிள்யூ.டி.பி-4டி வந்தது 2010-இல். ஆறு அச்சில் நாலுக்கு மட்டும் மோட்டார் இருந்ததால் சக்கரம் வழுக்கும் தொல்லைக்கும் ஏறக்குறைய அப்போதுதான் விடிவு. ஆறுக்கும் மோட்டார் வைத்தார்கள். ஆக, ஒன்பது வருஷம்!

நான் பி.காம். படித்தவன். ஒரு கேபினை மிச்சம் பிடித்தால் விலை குறையும் என்கிற கணக்கு எனக்கும் புரியும். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் உழைக்க வேண்டிய இயந்திரத்தில், ஓட்டுகிறவரின் கழுத்து வலியையும் கண் எரிச்சலையும் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? பேலன்ஸ் ஷீட்டில் அதற்கு இடமில்லை என்பதால் அது செலவே இல்லை என்று ஆகிவிடுமா?

டிரைவர்களைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். கேட்டும் இப்படிச் செய்திருந்தால், அது இன்னும் மோசம்.

இப்போது அகலப்பாதை ஏறக்குறைய முழுக்க மின்மயமாகிவிட்டது. டீசல்களுக்கு வேலை குறைந்துவிட்டது. பழங்கதை என்று விட்டுவிடலாமா? கூடாது. 1853-இல் ரயில் ஓட ஆரம்பித்த தேசத்தில் என்ஜினுக்குள் கழிப்பறை வந்தது 2016-இல்தான். இன்றைக்கும் எல்லா என்ஜினிலும் இல்லை. பெண்களும் ஓட்டுகிறார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை புது ரயிலுக்குக் கொடியசைக்கும் படத்தைப் பேப்பரில் பார்த்தால், வேகம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். ஓட்டுகிறவருக்குப் பாதை தெரிகிறதா, ஒன்றுக்குப் போக இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவர் கண்ணை நம்பித்தான் நாம் அப்பர் பெர்த்தில் குறட்டை விடுகிறோம்.