வானத்துக் கல்லுக்குக் கடற்கட்டி யார்?

2020ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 16ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மேல், நமது தூத்துக்குடிக் கடலுக்கு நேர் தெற்கே விரிந்து கிடக்கும் இந்து மகாசமுத்திரத்தின் தென்பாகத்தில், ஒரு மோட்டார் கார் அளவுள்ள கல்லொன்று வானத்தில் நம்மைக் கடந்து போயிற்று. தரைக்கும் அதற்கும் இருந்த தூரம் சுமார் 2,950 கிலோமீட்டர். தூத்துக்குடிக்கும் காஷ்மீரத்துக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய இவ்வளவுதான். அதன் வேகமோ விநாடிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல். பூமியின் இழுப்பினால் அதன் பாதையே சுமார் 45 பாகை வளைந்து விட்டது. பூமியில் மோதாமல் அவ்வளவு கிட்டத்தில் போன கல் அதற்குமுன் மனிதர் கணக்கில் ஏறியதில்லை.

இந்தச் சங்கதியை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று ஞாயிற்றுக்கிழமை. ராகுகாலம் மாலை நாலரை மணிக்கு, எமகண்டம் நடுப்பகலில். கல் வந்ததோ காலையில். ஆகவே பஞ்சாங்கப்படி அது மோசமில்லாத நேரம்! எந்த ஜோசியராவது, “இன்று தெற்கே ஒரு கல் வருகின்றது” என்று ஒரு வார்த்தை முன்னால் சொன்னாரா என்று கேட்கின்றோம்.

விஞ்ஞானிகளும் முன்னால் சொல்லவில்லையே என்று வைதீக நண்பர்கள் மடக்கக்கூடும். உண்மைதான். கல் போய் ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவிலுள்ள பாலோமர் தொலைநோக்கி எடுத்த படங்களில் அது கண்டுபிடிக்கப்பட்டது. அப்படங்களைச் சோதித்துக் கண்டுபிடித்தவர்கள் நமது பம்பாய் ஐ.ஐ.டி. மாணவர்கள் என்பதைச் சந்தோஷத்துடன் குறிப்பிடுகின்றோம். ஆனால் விஞ்ஞானி, “போன பிறகே கண்டோம்” என்று தாமே எழுதி வைத்தார். இப்படி ஒரு ஒப்புதலை எந்தப் பஞ்சாங்கத்திலாவது நீங்கள் வாசித்ததுண்டா?

முத்துக் குளிக்கும் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இந்த வியாபாரம் புதிதல்ல. எழுநூறு வருஷங்களுக்கு முன் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ ஒரு விநோதம் சொல்லுகிறார். சுறா கடிக்காமல் மந்திரத்தால் அதன் வாயைக் கட்டுவோருக்கு, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு போயிற்றாம். பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்து விடுவார்களாம், திருட்டுத்தனமாய் யாரும் முத்துக் குளிக்காமலிருப்பதற்காக! கடற்கட்டி என்று பேர் பெற்ற இவர்கள் ஆங்கிலத் துரைத்தனக் காலத்திலும் இருந்தார்கள். கல்லைக் கயிற்றில் கட்டிக்கொண்டு மூச்சடக்கி முத்துப் பாருக்கு இறங்கினவன் ஒருவன். கரையில் உட்கார்ந்து பங்கு வாங்கினவன் இன்னொருவன். சுறா வராவிட்டால் மந்திரத்தின் மகிமை, வந்துவிட்டால் குளித்தவனுடைய பாவம். கடைசி முத்துக்குளிப்பு 1961ல் முடிந்தது. பிறகு 1973ல் இதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவித்தபோது, அங்கே கடற்கட்டிக்கு வேலையில்லை.

வானத்திலும் கடற்கட்டிகள் உண்டு. ஒன்பது கிரகம் என்று கணக்குச் சொல்லி, அதில் சூரியனையும் சந்திரனையும் சேர்த்து, உருவமேயில்லாத ராகு கேதுவையும் சேர்த்துப் பரிகாரப் பணம் வாங்குகின்றார்கள். பூமியின் பாதைக்கு அருகே வந்துபோகும் சிறுகோள்கள் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேல் இன்று கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கும் ஒரு தானியமும் என்றால் இந்த ஜில்லாவின் எண்ணெயும் எள்ளும் போதுமா?

இனி வரப்போகும் ஒன்றைச் சொல்லுவோம். 2004ல் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு அப்போபிஸ் என்று பேர். எகிப்து தேசத்துப் புராணத்தில் சூரியனுக்குப் பகையான பாம்பு அது. ராகுவுக்கு அண்ணன் என்று வைத்துக் கொள்ளலாம். குறுக்களவு முந்நூறு மீட்டருக்கு மேல். சூரியனைச் சுற்ற அதற்குச் சுமார் 324 நாள் ஆகின்றது. அவ்வருஷம் டிசம்பரில், 2029ல் அது பூமியில் மோத நூற்றுக்கு 2.7 பங்கு இடமுண்டு என்று கணக்கு வந்தது. பழைய படங்களைத் தேடி எடுத்துப் பாதையைத் திரும்ப அளந்தார்கள். அவ்வருஷம் மோதாது என்று தெரிந்தது. 2021ல் ராடார் கொண்டு அளந்து, இன்னும் நூறு வருஷத்துக்குப் பயமில்லை என்றார்கள். அளவு மாறினால் முடிவை மாற்றினார்கள். தக்ஷிணை கேட்கவில்லை.

அக்கல் நமது நேரப்படி 2029 ஏப்ரல் 14ந் தேதி அதிகாலை மூன்றேகால் மணி அளவில், தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும். அதன்பின் பூமியின் இழுப்பால் அதன் சுற்றே பெரிதாகி, ஒரு வருஷத்துக்கு மேல் பிடிக்கும். அந்த விடியல் சித்திரை முதல் நாள். (ஆண்டுப் பிறப்பு சித்திரையா, தையா என்பது வேறு வழக்கு.) பஞ்சாங்கம் படிக்கும் காலையில் இப்படியொரு கல்! எத்தனை ராசிக்கு ஆகாது என்பார்கள், எத்தனை ஹோமம் வளர்ப்பார்கள் என்று இப்போதே நமக்குத் தெரிகின்றது.

உண்மையான ஆபத்து இல்லையென்று நாம் சொல்லவில்லை. 2013ல் ருஷியாவில் செல்யாபின்ஸ்க் நகரத்தின் மேல் சுமார் 20 மீட்டர் கல் வெடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் கண்ணாடி உடைந்து, காயம்பட்டார்கள். அதற்குப் பரிகாரம் எது? 2022 செப்டம்பரில் அமெரிக்கர்கள் டைமார்பஸ் என்ற சிறுகல்லின் மேல் ஒரு விண்கலத்தை வேண்டுமென்றே மோதவிட்டு, அது தன் பெரிய கல்லைச் சுற்றும் நேரத்தை அரைமணிக்கு மேல் குறைத்தார்களே, அதைத்தான் நாம் பரிகாரம் என்போம்.

நமது ஜில்லாவிலேயே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. நல்லது. ஆனால் ஏவுமுன் ராக்கெட்டின் பொம்மையைத் திருப்பதிக்குத் தூக்கிப்போகும் வழக்கமும் கூடவே வந்துசேருமானால், படகோட்டியின் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? துறைமுகத்தில் கப்பலை உள்ளே கொண்டுவருகிறவர், சந்திரனையும் சூரியனையும் வைத்துக் கணித்த நீர்மட்ட அட்டவணையைப் பார்க்கின்றார், சந்திராஷ்டமம் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கைக் கரையோரப் பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுக்கட்டும். கிராமத்துக்கு ஒரு சிறு தொலைநோக்கி வாங்க, ஒரு கொடைவிழாவின் வாணச் செலவு போதும். 2029 சித்திரைக்குள் வாங்கிவிட்டால், மணப்பாடு முதல் வேம்பார் வரை பிள்ளைகள் அதற்குள் சந்திரனையும் வியாழனையும் பார்த்துப் பழகியிருப்பார்கள். அந்த இரவில் யாரும் கதவடைத்துக் கிடக்க வேண்டியதில்லை.