வேலைக் கணக்கில் வராத வேதனை

இலங்கை மலையகத் தோட்டங்களில் மருத்துவம் தொடக்கத்திலிருந்தே வேலைக் கணக்கோடு பிணைந்து வளர்ந்தது. கோப்பித் தோட்டங்களில் ஆட்கள் மடிந்துகொண்டிருந்தபோது, 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1916இல் ரொக்பெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களுக்குள் நுழைந்தது. இரண்டும் உயிர் காத்தன. ஆயினும் ஆளை வேலையிலிருந்து படுக்கைக்கு அனுப்பிய நோய்களைத்தான் தோட்டத் துரைமார் பொருட்படுத்தினார்கள். வெள்ளைப்படுதலையும் அரிப்பையும் எரிச்சலையும் சகித்துக்கொண்டு ஒரு பெண்ணால் கொழுந்து பறிக்க முடியும். அந்த வேதனை அவளோடே நின்றுவிட்டது.

இந்த வேதனையைத் தரும் தொற்றுகளை அறிவியல் அறியாமல் இல்லை. டிரைக்கோமோனஸ் கிருமியை 1836இல் பாரிசில் அல்பிரெட் டோனே நுண்ணோக்கியில் கண்டார். பக்டீரியச் சமநிலை குலைவதால் வரும் நோயைக் கண்டறிய 1983இல் ஆம்செல் அளவுகோல் வந்தது. 1991இல் நியூஜென்ட் மதிப்பெண் முறை வந்தது. இவற்றுக்கு நுண்ணோக்கியும் பயின்ற கண்ணும் வேண்டும். டிரைக்கோமோனஸ் நீந்தினால்தான் எளிதில் தெரியும்; மாதிரி ஆறிப்போனால் அசைவு நின்றுவிடும். பயின்றவர்கள் பார்த்தாலும் ஏறத்தாழ பாதி தவறிப்போகலாம்.

ஆய்வுகூடம் எட்டாத இடங்களில் அறிகுறியை வைத்தே மருந்து கொடுக்கிறார்கள். பூஞ்சைத் தொற்றுக்குக் குளோட்ரிமசோல். டிரைக்கோமோனசுக்கும் பக்டீரியச் சமநிலைக் குலைவுக்கும் மெட்ரோனிடசோல். டிரைக்கோமோனஸ் என்றால் கணவருக்கும் சிகிச்சை வேண்டும். ஊகம் பிழைத்தால் நோய் திரும்ப வரும். கர்ப்பிணிக்குக் குறைமாதப் பிரசவ ஆபத்தும் கூடும்.

இந்த ஊகத்தைக் குறைக்க மூலக்கூற்றுப் பரிசோதனையால் முடியும். ஒரே மாதிரியில் மூன்று வகையையும் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அமெரிக்கா 2016இல் அனுமதி வழங்கியது. அது கிருமியின் மரபணுவைத் தேடுவதால், கிருமி உயிரோடு அசைய வேண்டியதில்லை. பெண்ணே மறைவிடத்தில் பஞ்சுக்குச்சியால் எடுத்துத் தரும் மாதிரி போதும். அந்நியர் முன் உடலைக் காட்டக் கூசி நோயை மறைப்பவளுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் செலவு அதிகம். பூஞ்சை நலமான பெண்களிடமும் தீங்கின்றி வாழ்வதுண்டு. அதனால் அறிகுறி உள்ளவர்களுக்கே பரிசோதனை செய்து, முடிவை மருத்துவர் அவர்களின் நிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கர்ப்பிணிகளின் இரத்தத்தைப் பரிசோதித்துப் பெற்ற வெற்றி அது. இந்தத் தொற்றுகளைக் கண்டறியும் அடுத்த படிக்கும் வழி இருக்கிறது. கொவிட் காலத்தில் பி.சி.ஆர். என்ற சொல் தோட்டத்து லயன் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. நோய் திரும்பத் திரும்ப வருவோரிடமும் அறிகுறியுள்ள கர்ப்பிணிகளிடமும் பரிசோதனையைத் தொடங்கலாம். குடும்பநல உத்தியோகத்தர் மாதிரியைப் பெற்று அனுப்பலாம்; டிக்கோயா, நுவரெலியா மருத்துவமனைகள் பரிசோதனை மையங்களாகலாம். முடிவைப் பெண்ணுக்குத் தமிழில், தனியாகச் சொல்ல வேண்டும். கிளினிக்குக்குப் போன நாளில் அரைநாள் சம்பளம் மட்டும் தரும் ‘அரைப்பேர்’ போடக் கூடாது.

ஒன்றரை நூற்றாண்டாகத் தோட்ட மருத்துவம் வேலைநாட்களை மீட்டுத் தந்தது. வேலைக்குப் போக முடிந்தாலும் வலியோடு போக வேண்டியதில்லை என்பதே இனி அதன் அளவுகோலாக இருக்கட்டும். அதைச் சலுகையாக அல்ல, இந்நாட்டுக் குடிமகளின் உரிமையாகக் கேட்கிறோம்.