ஒரு பாகைதானே?

"துருவத்தின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகை. உலகம் ஒரு பாகை சூடேறினால் அது கீழே இருபத்தொன்பது ஆகும். அந்தக் குளிரில் பனிக்கட்டி உருகுமா?"

இவ்வினாவை எழுப்புவோர் பாமரர் அல்லர். பட்டம் பெற்றவர்கள், மேடையேறுபவர்கள், நமது ஆசிரியர் ஓய்வறைகளிலேயே தேநீர்க் கோப்பையும் கையுமாக அமர்ந்திருப்பவர்கள். கேட்டுவிட்டு ஒரு வெற்றிப் புன்னகையும் பூக்கிறார்கள். அருகில் நிற்கும் மாணவனும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாகத்தானே இருக்கிறது என்று தலையசைத்துப் போய்விடுகிறான். ஆகவே இவ்வாதத்தை அலட்சியம் செய்து கடந்துவிடுதல் தகாது.

இது சராசரியின் மாயம். ஆண்டு முழுவதையும், ஒரு பெருநிலம் முழுவதையும் ஒரே எண்ணில் அடைத்து, அந்த எண் பூச்சியத்தை எட்டவில்லை என்று காட்டும் கண்கட்டு வித்தை. பனிக்கட்டி ஆண்டுச் சராசரியைக் கேட்டுக்கொண்டு உருகுவதில்லை. கோடையில், விளிம்பில், வளி பூச்சியத்தைத் தாண்டும் அந்த நாளில், அந்த நாழிகையில் உருகுகிறது. அன்றியும், 'ஒரு பாகை' என்பதே பொய். 1979 முதல் ஆர்க்டிக் பகுதி, உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறி வந்திருக்கிறது.

மலையகத்தாருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? தை, மாசி மாதங்களில் நுவரெலியாவிலும் அம்பேவெலயிலும் விடியற்காலையில் உறைபனி விழுகிறது. தரையையொட்டிய வளி பூச்சியத்துக்கு ஒரு பாகை மேலே நின்றால் இலையில் வெறும் பனித்துளி. ஒரு பாகை கீழே இறங்கினால் கொழுந்து கருகிவிடும், உருளைக்கிழங்குச் செடி கறுத்துச் சாயும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியோ ஏறத்தாழப் பதினாறு பாகை. 'சராசரி பதினாறாயிற்றே, கொழுந்து எப்படிக் கருகும்?' என்று எந்தத் துரையாவது கேட்டதுண்டா? கருகிய மலையில் கொழுந்து எடை குறைந்து அரைப்பேர் போடப்பட்டவளிடம் நமது அறிஞர்கள் இந்தச் சராசரித் தத்துவத்தைச் சொல்லிப் பார்க்கட்டும்.

விஞ்ஞானிகளின் கணக்கு இதைவிடச் சிக்கலானதன்று. பூச்சியத்துக்கு மேலே ஏறிய பாகைகளை மட்டும் நாள்தோறும் கூட்டுவர்; கீழே நின்ற நாள்களை விட்டுவிடுவர். கிறீன்லாந்தில் ஒரு பாகை வெப்பம் ஒரு நாள் நீடித்தால் வெண்பனியிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீரும், வெறும் பனிக்கட்டியாயின் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் நீரும் உருகும் என்பது அவர்கள் வழக்கமாகக் கொள்ளும் அளவு. விளிம்பில் ஐந்து பாகை பத்து நாள் நின்றால் 400 மில்லிமீற்றர்; அதே பத்து நாளும் ஆறு பாகையாக நின்றால் 480. இவற்றுக்கு மேலாக, நேற்றுவரை பூச்சியத்தைத் தொடாமல் கணக்கிலேயே சேராதிருந்த மேட்டு நிலங்கள் அந்த ஒரு பாகையால் புதிதாகக் கணக்கில் வந்து விழுகின்றன. ஒரு பாகையின் வேலை இது.

ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வேண்டும் என்று வகுப்பில் நாமே படிப்பிக்கிறோம். இத்துணை வெப்பத்தை வளி மட்டும் தந்துவிடுமா என்று கேட்டால், அது நேர்மையான கேள்வி. பெரும்பங்கைத் தருவது ஞாயிறுதான். ஆனால் புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வானுக்கே திருப்பியனுப்பிவிடும். வெம்மையான வளி அதை நனைத்து, மேற்பனியைக் கரைத்து, கீழே கிடக்கும் கருமை தோய்ந்த பனிக்கட்டியை வெளிப்படுத்திவிட்டால், திரும்பும் ஒளி பாதிக்கும் கீழே போய்விடுகிறது. வளி கதவைத் திறக்கிறது; ஞாயிறு உள்ளே நுழைகிறது.

இன்னொன்றும் உண்டு. நுவரெலியாவில் பஸ் ஏறி, ஹக்கல கடந்து வெலிமடைக்கு இறங்கும்போதே கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறோம். பதுளையை அடைவதற்குள் வியர்த்துவிடுகிறது. ஏறத்தாழ 1,200 மீற்றர் இறக்கம். ஏழெட்டுப் பாகை வேறுபாடு. ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை என்பது பொதுவான அளவு. கிறீன்லாந்தின் பனிப்பாளம் 3,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த மலை. தன் உயரத்தாலேயே தன்னைக் குளிர வைத்துக்கொண்டிருப்பது. அது உருகித் தாழுந்தோறும் வெப்பமான வளிக்குள் இறங்குகிறது. இறங்குந்தோறும் மேலும் உருகுகிறது. மலையே நம்மோடு பஸ்ஸில் ஏறிப் பதுளைக்கு வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள்! 2012 ஜூலையில் சில நாள்களுக்குள் அப்பனிப்பாளத்தின் மேற்பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு உருகல் கண்டது. 2021 ஆகஸ்ட் 14ஆம் நாள் 3,200 மீற்றர் உயரமுள்ள அதன் உச்சியில் மழை பெய்தது. அங்குள்ள ஆய்வு நிலையத்தின் பதிவேட்டில் அதற்கு முன் மழை என்பது இல்லை.

அந்தாட்டிக்காவின் நடுநிலம் வேறு கதை. 1983 ஜூலை 21இல் வொஸ்தொக் நிலையத்தில் பூச்சியத்துக்குக் கீழே 89.2 பாகை பதிவாயிற்று. அங்கே வளியின் வெப்பம் பனியை உருக்குவதில்லை. வெப்பம் கூடினால் வளியில் ஈரம் கூடிப் பனிப்பொழிவு மிகுதலும் உண்டு. எதிர்வாதிகள் இந்த அரை உண்மையைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். மற்ற அரையைச் சொல்வதில்லை. அங்கே வெம்மையான கடல்நீர் மிதக்கும் பனித்தட்டுகளை அடியிலிருந்து அரிக்கிறது. நடுநிலத்தைப்போல் குளிராத தீபகற்பப் பகுதியிலோ வளியே போதுமாயிருந்தது; மேலே தேங்கிய உருகுநீர் வெடிப்புகளில் புகுந்து பிளந்ததால், 2002இல் லார்சன் பி என்னும் பனித்தட்டில் 3,250 சதுர கிலோமீற்றர் சில வாரங்களுக்குள் சிதறிப்போயிற்று. தடுப்பு நீங்கியதும் பின்னாலிருந்த பனியாறுகள் வேகங்கொண்டன.

"இருக்கட்டும், கடல் வெலிமடைக்கா ஏறி வரப்போகிறது?" என்பது அடுத்த ஏளனம். ஏறி வராது. ஆனால் பேராதனையில் தொடங்கி வெலிமடையின் ஊடாக இறங்கும் அந்த வீதி பதுளையோடு நின்றுவிடுவதில்லை. பிபிலையும் மகா ஓயாவும் கடந்து, மட்டக்களப்பு வாவிக்கு அண்மையில் செங்கலடியில் போய்த்தான் முடிகிறது. அங்கே கடலுக்கும் நெல் வயலுக்கும் இடையே உயரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 1977இலும் 1983இலும் அடித்து விரட்டப்பட்ட மலையக மக்கள் பலர் போய்க் குடியேறியதும் வடக்கு, கிழக்கின் தாழ்நிலங்களில்தான். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரோ சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர். கிறீன்லாந்து 2002 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 கோடித் தொன் பனியை இழந்து வந்திருக்கிறது. 36,000 கோடித் தொன் உருகினால் உலகக் கடல் ஒரு மில்லிமீற்றர் உயரும். முழுவதும் உருகினால் ஏழு மீற்றர் என்பது பல நூற்றாண்டுகளின் வேலை. அதைச் சொல்லிப் பயமுறுத்துவது நமது நோக்கமன்று. உவர்நீர் வயலுக்குள் வர ஏழு மீற்றர் தேவையுமில்லை.

மூன்றாவது கூட்டத்தார் விஞ்ஞானத்தை மறுப்பதில்லை. 'மனிதகுலம் முழுவதுமே குற்றவாளி' என்று பெருமூச்செறிந்துவிட்டு, லயத்துக் காம்பிராவில் விறகு எரிக்கும் தாய்க்கு உபதேசம் செய்கிறார்கள். 1890இல் லிப்டன் ஊவாவில் தோட்டங்கள் வாங்கினார். கொழும்புத் துறைமுகத்தில் நிலக்கரி நிரப்பிய கப்பல்கள் தேயிலையை லண்டனுக்குச் சுமந்தன. ஆறு ஆண்டுகள் கழித்து, 1896இல், சுவீடன் நாட்டு அரேனியசு என்னும் விஞ்ஞானி வளியிலுள்ள காபனீரொட்சைட்டு மிகுந்தால் பூமி எவ்வளவு சூடேறும் என்று கணக்கிட்டு வெளியிட்டார். தெரியாமல் எரித்தார்கள் என்று எவரும் சொல்ல வேண்டாம். கைத்தொழிற் புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காயிருந்த அந்த வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இன்றும் அமெரிக்கர் ஒருவரின் பங்குக்கு ஆண்டுக்குப் பதினான்கு தொன்னளவு. இலங்கையர் ஒருவரின் பங்குக்கு ஏறத்தாழ ஒரு தொன். அந்த ஒரு தொன்னிலும் கொழும்பின் குளிரூட்டிய மாளிகைக்கும் லயத்துக் காம்பிராவுக்கும் பங்கு சமமாமோ?

2022இல் எகிப்தின் சார்ம் எல் ஷேக்கில் கூடிய காலநிலை மாநாடு, 'இழப்பும் சேதமும்' என்னும் பெயரில் ஒரு நிதியத்துக்கு இசைந்தது. செல்வ நாடுகள் அதைக் கடனடைப்பு என்று ஏற்க மறுக்கின்றன. விரும்பியோர் இடும் கொடை என்கின்றன. நமது பத்திரிகைகளும் சற்றும் கூசாமல் 'நிதியுதவி' என்றே அச்சிடுகின்றன. நூற்றாண்டுக்கு மேலாக எரித்த கரியின் கணக்குக்கு 'உதவி' என்று தமிழில் பெயர் சூட்டியவர் யார், ஐயா?