உம்மாவின் கைக்கேற்ற கணனி



வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளை பழைய கணனியொன்றைக் கொண்டுவந்து வைத்து, "உம்மா, இனி இதில முகத்தைப் பார்த்தே பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவன் விமானம் ஏறிய மறுநாளே அதன்மேல் பூவேலைத் துணி விழுந்துவிடும். பலாங்கொடையிலும் யட்டியாந்தோட்டையிலும் தோட்டங்களை அண்டிய நம் வீடுகள் பலவற்றில் இதுதான் கதை. உம்மாவுக்கு விளங்காது என்பதல்ல காரணம். பிள்ளை தன் கண்ணுக்கும் தன் கைக்கும் ஏற்றபடி அதை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மகளோ மருமகளோ ஒரு பின்னேரம் ஒதுக்கினால் இதை மாற்றிவிடலாம். திரையில் சிதறிக் கிடக்கும் படங்களை எல்லாம் நீக்கி, மூன்றை மட்டும் விடுங்கள். பேசுவதற்கு வட்ஸ்அப், பேரப்பிள்ளைகளின் படங்கள், ஓதல் கேட்பதற்கு ஒன்று. அவற்றின் பெயர்களைத் தமிழில் மாற்றுங்கள். எழுத்தை நூற்றைம்பது வீதத்துக்குப் பெரிதாக்கி, அம்புக்குறியையும் பெருப்பித்து மஞ்சள் நிறம் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை இரட்டைச் சொடுக்கு. நடுங்கும் கை இரண்டாம் முறை அமுக்குவதற்குள் மவுஸ் சற்று நகர்ந்துவிடும். கணனியோ, "இழுக்கச் சொல்கிறார்" என்று எண்ணிப் படத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடும். "ஐயோ, நான் உடைச்சுப் போட்டேனே" என்று உம்மா பயந்து எழுந்துவிடுவார். விண்டோஸில் கோப்புறைகளுக்கான தெரிவுகளுக்குள் போனால், ஒரே சொடுக்கில் திறக்கும்படி வைக்க வழியுண்டு. படங்கள் தாமாக வரிசையில் நிற்கும்படியும் செய்துவிடுங்கள். உம்மாவுக்கென்று அதிகாரம் குறைந்த தனிக் கணக்கொன்று திறந்துவிட்டால், தவறி எதையாவது அமுக்கினாலும் பெரிய சேதம் வராது. இதை அவரிடம் சொல்லவும் வேண்டும். பாதிப் பயம் அதில் போய்விடும்.

மவுஸ் பழக 1990இல் வந்த விண்டோஸ் 3.0இலேயே சீட்டாட்டம் ஒன்றைச் சேர்த்தார்கள். இழுத்து வைக்கும் பழக்கம் அதனால் பலருக்கு வந்தது. நம் உம்மாமாரோ சீட்டைக் கண்டதும் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று எழுந்துவிடுவார்கள்! பெயின்டைத் திறந்து மருதாணிக் கோலம் போடச் சொல்லுங்கள். கை தானாகப் பழகும்.

தொடுதிரைதான் இலகு என்று சிலர் சொல்வார்கள். எல்லோருக்கும் அல்ல. அது விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்வது. கொழுந்தெடுத்தும் இறப்பர் மரம் வெட்டியும் காய்ப்பேறி உலர்ந்த விரலைச் சில வேளை அது கண்டுகொள்வதே இல்லை. லயத்திலிருந்து பழக வரும் அயல்வீட்டு அம்மாவுக்கு மவுஸைக் கொடுத்துப் பாருங்கள்.

நம் நாட்டின் நெனசல நிலையங்கள் கிராமங்களிலும் வணக்கத்தலங்களிலும் நூலகங்களிலும் கணனியைக் கொண்டுபோய் வைத்ததற்காக 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் 10 இலட்சம் டொலர் விருதைப் பெற்றன. ஆனால் நிலையத்துக்கு நடந்து போக முடியாத உம்மாவுக்கு வீட்டில் நீங்கள்தான் நிலையம்.

இன்னும் இரண்டு விடயம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் நம் பக்கத்து இடிமின்னலுக்கு முன்பே மின்செருகியையும் இணைய வயரையும் கழற்றி வையுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. அப்படியான கணனியில் வங்கி வேலை வேண்டாம். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை, யார் கேட்டாலும், மகன் என்று சொல்லிக் கேட்டாலும், கொடுக்கக் கூடாது.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள், பொறுமையில்லாமல் உம்மாவின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி நானே செய்து காட்டினேன். நான்கு நாள் அந்தப் பக்கமே அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அரை மணித்தியாலம் சென்றது. தம்பியின் முகம் திரையில் வந்தது.

அதன்பின் வந்தது வேறு தொல்லை. சுபஹ் தொழுத கையோடு ஐந்து மணிக்கு அழைத்துவிடுவார். தோஹாவில் அப்போது இரவு இரண்டரை! கணனியில் இரண்டாவது கடிகாரமாகத் தோஹா நேரத்தை வைத்துக் கொடுத்தேன். இப்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் அழைக்கிறார். பார்த்துவிட்டும் சில நாள் அழைத்துவிடுகிறார்.