துரோணன் பெயரில் ஒரு பரிசு

1988 அக்தோபர் 2 தொடங்கி 1990 சூன் 24 வரை, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. தூரதர்சன் என்னும் அரசுத் தொலைக்காட்சியில் பாரதத் தொடர் ஓடிற்று. பெட்டி இல்லாத வீட்டார் பெட்டி உள்ள வீட்டின் திண்ணையிலும் பலகணியோரத்திலும் கூடினர். 1965ஆம் ஆண்டில் இந்தித் திணிப்பை எதிர்த்து இளைஞர் தீக்குளித்து மாய்ந்த நாட்டில், இருபத்து மூன்றே ஆண்டுகள் கழித்து, இந்தி அறியாத தாய்மார் இந்தி பேசிய துரோணனை வாய்பிளந்து பார்த்திருந்தனர். அது தனியே பேசற்குரிய கதை. இங்கு எடுத்துக்கொண்ட செய்தி, அத்துரோணன் ஆசிரியனாய் நின்று செய்ததும், பார்த்தவர்கள் அதனை ஏற்றுக்கொண்டதும் பற்றியது.

வேட்டுவர் குலத்தலைவன் மகன் ஏகலைவன் வில் கற்க வந்தான். அவன் பிறப்பைக் கேட்டறிந்து துரோணன் மறுத்தான். அவனோ மண்ணால் ஆசானின் உருவத்தைச் செய்துவைத்து அதன்முன் தானே பயின்று, அரசிளங்குமரரினும் மேலான வில்லாளி ஆனான். அதனைக் கண்ட துரோணன், கற்பிக்காத கல்விக்குக் காணிக்கை கேட்டான். வலக்கைப் பெருவிரலை வாங்கிக்கொண்டான். இக்காட்சியைக் கண்டு கண்ணீர் விடாத வீடு இருந்திராது. ஆனால் கண்ணீரைத் துடைத்தவுடன் அவ்வீடுகளில் எழுந்த பேச்சு யாது? "பாவம், ஆசான் என்ன செய்வார்? உனக்கு நிகரான வில்லாளி எவனும் இரான் என்று அருச்சுனனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாரே!" என்பதே. விரலை இழந்தவனுக்குக் கண்ணீர், வாங்கியவனுக்கு வழக்கறிஞர். பல நூற்றாண்டுகளாகத் தமிழ்நாட்டுத் திண்ணைகளில் இக்கதை சொல்லப்பட்டு வந்ததன் பயன் இதுதான். தொலைக்காட்சி புதிதாய் ஒன்றும் செய்துவிடவில்லை. பழைய நஞ்சைப் பெரிய ஏனத்தில் ஊற்றித் தந்தது.

துரோணனைக் கொடியவன் என்று கூறிவிட்டு நகர்ந்துவிடுதல் எளிது. அப்படிக் கூறுவதால் பயனில்லை. கதைப்படி அவன் கடுமையாய் உழைத்தவன், மாணாக்கர்பால் அன்பு மிக்கவன், கல்வியில் தேர்ந்தவன். அவன் செய்த கேடெல்லாம் அன்பின் வழியே வந்தது. பாரதத்தில் பலர் கருதாமல் விடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. நாள்தோறும் நீர் கொண்டுவர மாணாக்கர்களை அனுப்புங்கால், மற்றவர்களுக்குச் சிறுவாய்க் கலத்தையும் தன் மகன் அசுவத்தாமனுக்கு அகன்ற வாய்க் குடத்தையும் துரோணன் கொடுத்தனுப்புவானாம். அகன்ற வாய்க் குடம் விரைவில் நிறையும். மகன் முந்தித் திரும்புவான். மற்றவர்கள் வந்து சேரும் முன்னர் அவனுக்குமட்டும் நுட்பங்கள் சொல்லித்தரப்படும். அருச்சுனன் இதனைக் கண்டுகொண்டு தானும் விரைந்து வரத் தொடங்கினான் என்பது கதை. வில்லுமில்லை, அம்புமில்லை, கடுஞ்சொல் ஒன்றுமில்லை. குடத்தின் வாயளவில் மட்டும் ஒரு சிறு வேற்றுமை. ஒருபாற்கோடுதல் வகுப்பறைக்குள் நுழையும் வழியை இதனினும் துல்லியமாய்க் காட்டிவிட முடியாது. குடத்தைக் கொடுத்த தந்தையிடம் சென்று "நீ ஓரவஞ்சனை செய்கின்றாய்" என்று சொல்லியிருந்தால், அவன் உண்மையாகவே வியந்திருப்பான்.

இத்தகைய ஆசானின் பெயரால் இந்திய அரசு 1985ஆம் ஆண்டில் ஒரு பரிசை ஏற்படுத்திற்று. விளையாட்டு வீரரைப் பயிற்றும் ஆசிரியர்க்குத் தரப்படும் மிக உயர்ந்த பரிசு 'துரோணாச்சாரியர் விருது' ஆகும். வீரர்களுக்கோ 1961ஆம் ஆண்டு முதலே 'அருச்சுனன் விருது' இருந்துவந்தது. விரலைத் தந்தவன் பெயரை அவ்வரிசையில் வைக்க எவர்க்கும் தோன்றவில்லை.

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோர்க்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கின்றது. வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் 1922ஆம் ஆண்டின் இறுதியில் நெல்லைச் சேரமாதேவியில் தமிழ்க் குருகுலம் ஒன்றை நிறுவினார். (பெயரிற் பாதி தமிழன்று என்பது கிடக்கட்டும்.) வ.வே.சு. ஐயர் இழிந்த மனிதரல்லர். இலண்டனுக்குச் சட்டம் பயிலச் சென்று, விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டு, வெள்ளையர் காவலுக்குத் தப்பிப் புதுவையில் அடைக்கலம் புகுந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் ஆக்கியவர். சிறையிலிருந்தபோதும் கம்பனை ஆய்ந்து எழுதியவர். தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் பேசப்படும் இடமெல்லாம் அவருடைய 'குளத்தங்கரை அரசமரம்' பேசப்படுகின்றது. வெள்ளையன் பள்ளியில் அடிமைக் கல்வி கற்ற பிள்ளைகளை மீட்டுத் தமிழுணர்வும் உடலுரமும் தொழிலறிவும் ஊட்டி வளர்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரசு 10,000 உருபா தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 உருபாவை முதலிற் கொடுத்தது. பார்ப்பனரல்லாதார் பலரும் பொருள் தந்தனர், பிள்ளைகளையும் அனுப்பினர்.

அங்கே இரண்டு பார்ப்பனச் சிறுவர்க்குத் தனியே உணவு படைக்கப்பட்டது.

செய்தி வெளிவந்தபோது ஐயர் தந்த விளக்கம், அவ்விரு சிறுவரின் பெற்றோர்க்குத் தாம் வாக்குக் கொடுத்துவிட்டதாக என்பது. மீண்டும் வாக்கு! அருச்சுனனுக்குத் துரோணன் கொடுத்ததும் வாக்குத்தான். ஐயருடைய நிலையத்தின் பெயர் பாரத்துவாச ஆசிரமம். துரோணன் பரத்துவாச முனிவனின் மகன். பெயர்ப் பொருத்தம் தற்செயலாய் நேர்ந்ததே. ஆயினும் அத்தற்செயல் நெஞ்சை உறுத்துகின்றது.

ஐயர் பக்கத்தில் நின்றோர் கூறியவை இன்றும் சிலரால் கூறப்படுகின்றன. இருவர் உண்ணும் சிறு செய்திக்காக ஒரு நல்ல நிறுவனத்தைக் குலைக்கலாமா? தம்மளவில் வேற்றுமை பாராட்டாத ஒருவரைச் சாதிவெறியர் எனலாமா? இவ்வினாக்களில் ஒரு பாதி நேர்மையானது. ஐயர் வெறியர் அல்லர். அதனாலேயே சேரமாதேவி கருதத்தக்கதாகின்றது. வெறியன் ஒருவன் நடத்தும் பள்ளிக்கு எவனும் பிள்ளையை அனுப்பான்; அங்கே கேடு தானே வெளிப்பட்டு நிற்கும். நல்லவர் நடத்தும் பள்ளியில், நாட்டு விடுதலையின் பெயரால் திரட்டிய பொருளில், பந்தி இரண்டாகும்போது, மற்றப் பந்தியில் அமர்ந்த பத்து அகவைச் சிறுவன் கற்கும் பாடம் யாது? தன் ஆசான் நல்லவர். அந்நல்லவரே தன்னை வேறாய் அமர்த்துகின்றார். எனவே தான் உண்மையிலேயே தாழ்ந்தவனாய் இருக்க வேண்டும் என்பதே. வெள்ளையன் பள்ளியுங்கூட இப்பாடத்தை இத்துணைத் திறம்படக் கற்பித்திராது.

மருத்துவர் வரதராசுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' இதழில் போராட்டத்தை முன்னின்று நடத்தினார், பெரியார் ஈ.வெ. இராமசாமி கட்சிக்குள் வாதாடினார். 1925இல் தமிழகம் வந்த காந்தியடிகள், இருவர்க்குத் தந்த வாக்கைக் காக்கலாம், இனிச் சேர்வோர்க்கு வேற்றுமை கூடாது என்னும் இடைவழியைக் காட்டினார். அவ்வாண்டு ஏப்பிரல் இறுதியில் திருச்சியில் கூடிய தமிழ்நாட்டுக் காங்கிரசுக் குழுவில், நாட்டுப்பணி செய்யும் எந்நிறுவனமும் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று எசு. இராமநாதன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அது 19க்கு 7 என்னும் வாக்கில் நிறைவேறிற்று. இராசாசி முதலானோர் குழுவிலிருந்து விலகினர். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்னும் ஒரு வரிக்காகப் பொறுப்பைத் துறக்கும் அளவுக்கு அக்காலத்துப் பெருந்தலைவர்களுக்கு மனம் இருந்தது! சூன் மாதத்தில் பாவநாச அருவியில் விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து ஐயர் மாண்டார். அவ்விறப்பை எவரும் பழித்தல் தகாது. மகளுக்காக நீரில் பாய்ந்த தந்தை வணக்கத்துக்குரியவர். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சி மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். அதன்பின் தமிழக அரசியல் சென்ற வழியை எவரும் அறிவர்.

அமெரிக்காவில் இதனையே தலைகீழாய்ச் செய்துபார்த்த ஆசிரியை ஒருத்தி உண்டு. 1968 ஏப்பிரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், அயோவா மாநிலத்தில் இரைசுவில் என்னும் சிற்றூரில் சேன் எலியட்டு என்னும் ஆசிரியை, மூன்றாம் வகுப்பு வெள்ளைக் குழந்தைகளைக் கண்ணின் நிறத்தால் இரண்டாகப் பிரித்தார். ஒரு நாள் ஒரு நிறத்தார் உயர்ந்தோர்; அவர்க்குச் சலுகை, பாராட்டு, கூடுதல் விளையாட்டு நேரம். மறுநாள் அப்படியே மாற்றம். தாழ்த்தப்பட்ட நாளில் குழந்தைகள் சோர்ந்தனர், பாடத்தில் பின்தங்கினர். உயர்த்தப்பட்ட நாளில் அதே குழந்தைகள் விரைந்து படித்தனர். 1970இல் அமெரிக்கத் தொலைக்காட்சி இதனைப் படமாக்கி ஒளிபரப்பிற்று. 1985இல் மீண்டும் ஒரு படம் வந்தது. சின்னஞ்சிறு குழந்தைகளை இவ்வாறு வருத்தலாமா என்று அவ்வாசிரியையைக் கடிந்தோர் உளர். அக்கடிதலில் நியாயமும் உண்டு. ஆனால் அங்கே ஒரே நாளில் முடிந்த வேதனையை இங்கே பிறந்த நாள் முதல் சுமக்கும் குழந்தைகளுக்காக அவ்வாறு கடிந்தோர் எத்துணைப் பேர்? துரோணனைக் காட்டிய தொலைக்காட்சியையும் எலியட்டைக் காட்டிய தொலைக்காட்சியையும் அருகருகே வைத்துப் பார்க்க. முன்னது ஆசானுக்காக இரங்கச் செய்தது. பின்னது ஆசானின் கையையே உற்றுநோக்கச் செய்தது.

இங்கும் நிறைகோலாய் நின்ற ஆசிரியர் இல்லாமலில்லை. நன்னூல் செய்த பவணந்தியார் ஆசிரியனுக்கு நிறைகோலை உவமையாகச் சொன்னது வீண்போகவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு முன்னர் நகரின் நடுவில் இருந்தது. அங்கே தமிழ்த் தலைவராய் இருந்தவர் சூரியநாராயண சாத்திரியார். பார்ப்பனர் குலத்திற் பிறந்து தம் பெயரையே பரிதிமாற் கலைஞன் எனத் தமிழாக்கிக்கொண்டவர். 1898இல் நாகையிலிருந்து வந்த வேதாசலம் என்னும் இளைஞர்க்குப் பட்டம் இல்லை. தந்தையை இழந்து பள்ளிப் படிப்பையும் இடையில் விட்டவர். கலைஞர் பார்த்தது பிறப்பையும் அன்று, பட்டத்தையும் அன்று, அவ்விளைஞரின் தமிழை. அவரே பின்னாளில் பல்லாவரத்தில் குடியமர்ந்து, 1916இல் தனித்தமிழ்க் கொள்கையைத் தொடங்கிய மறைமலையடிகள். அன்று அக்கை சாய்ந்திருந்தால் இவ்வியக்கம் எவ்வாறு பிறந்திருக்கும் என்று எவரும் சொல்லுதல் அரிது. கலைஞர் 1903இல், முப்பத்து மூன்றாம் அகவையில் மறைந்துவிட்டார்.

எனவே பார்ப்பனர் செய்தது பழி, பிறர் செய்தது பண்பு என்று எண்ணியிருப்போர் தம்மைத் தாமே ஏய்த்துக்கொள்கின்றனர். சேரமாதேவி அமைந்த அதே நெல்லை மாவட்டத்தில், நாங்குநேரியில், 2023 ஆகத்தில் நன்றாய்ப் படித்த ஒடுக்கப்பட்ட குலத்து மாணவன் ஒருவனை உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியோர் பார்ப்பனர் அல்லர். அதன்பின் அமைந்த நயன்மையர் சந்துருவின் ஒருவர் குழு 2024இல் தந்த அறிக்கை, பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிச் சொற்களை நீக்குக, கையிற் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க என்று பரிந்துரைத்ததோடு, ஒரு பகுதியில் மிகுந்துள்ள சாதியாரை அங்கேயே கல்வித் தலைமைப் பொறுப்பில் அமர்த்தலாகாது என்றும் கூறிற்று. அவ்வாண்டே (2023) காலையுணவுத் திட்டம் விரிந்தபோது, கரூர், தூத்துக்குடி மாவட்டங்களின் சிற்றூர்ப் பள்ளிகளில், சமைத்தவள் இன்ன சாதியாள் என்று பெற்றோர் சிலர் பிள்ளைகளை உண்ணவிடாது தடுத்தனர். சேரமாதேவிக்குத் தொண்ணூற்றெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே பந்தி! வழக்காடிய பெரியாரும் இல்லை. வாக்குக் கொடுத்த ஐயரும் இல்லை. பந்தி மட்டும் இருக்கின்றது.

இன்னும் ஒன்று உண்டு. அதனைச் சொன்னால் தமிழ்ப்பற்றாளர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரையும் வண்டலூர்க்கு அப்பாலும் எழுந்துகொண்டிருக்கும் அடுக்குமாடிகளையும் செங்கல் சூளைகளையும் சார்ந்து ஒடியாவும் வங்காளமும் இந்தியும் பேசும் கூலியாள்கள் குடும்பத்தோடு வந்து தங்குகின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் அருகிலுள்ள அரசுப் பள்ளிகளில் சேர்கின்றனர். பல்லாவரத்தில் உருதுவும் தெலுங்கும் வீட்டுமொழியாய்க் கொண்ட பிள்ளைகள் நெடுங்காலமாகவே தமிழ் கற்று வருகின்றனர். தமிழாசிரியர் தமிழ்மேல் காதல் மிக்கவர், மிக நல்லவர். தூய தமிழ்ப் பெயர் பூண்ட பிள்ளை செய்யுளை ஒப்பிக்கும்போது அவர் முகம் மலர்கின்றது. ழகரம் வாராத ஒடியாப் பிள்ளை எழுந்து நிற்கும்போது அவர் கண் அடுத்த இருக்கைக்குச் சென்றுவிடுகின்றது. அடிக்கவில்லை, திட்டவில்லை. குடத்தின் வாய் மட்டும் சிறுத்திருக்கின்றது.

தமிழ்நாட்டின் மேல் வட இந்திய ஆளுமையை எதிர்ப்பது வேறு. செங்கல் சுமப்பவன் மகளைக் கடைசி வரிசையில் அமர்த்துவது வேறு. முன்னது தில்லியோடு செய்யும் போர்; பின்னது ஏழு அகவைக் குழந்தையோடு செய்யும் போர். இலங்கையில் 1971இல் தமிழ்வழி பயின்ற மாணாக்கர்க்குப் பல்கலைக்கழகம் புக மிகுந்த மதிப்பெண்ணும் சிங்களவழி பயின்றோர்க்குக் குறைந்த மதிப்பெண்ணும் வரையறுத்தபோது, அதனைச் செய்தோர் தம் இனத்தின்மேல் கொண்ட அன்பினாலேயே செய்வதாய்க் கூறினர். அக்கொடுமையைச் சுட்டிச் சுட்டிக் குரல் கொடுத்த தமிழர், தம் வகுப்பறையில் அதன் சிறு வடிவம் முளைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாராயின், ஈழத்தார்க்காகப் பேசும் உரிமையையே இழந்தவராவர்.

ஒடியாச் சிறுமி ஒருத்தி மூன்றாண்டில் பிழையின்றித் தமிழ் எழுதினாள் என்றால் அது தமிழின் வெற்றியா, தோல்வியா? மறைமலையடிகள் பல்லாவரத்தில் தாம் நிறுவிய கழகத்திற்குப் பொதுநிலைக் கழகம் என்று பெயரிட்டதை இங்கு நினைக்கலாம். வரும் கல்வியாண்டில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளின் தமிழாசிரியர்கள் தத்தம் வகுப்பின் முன்வரிசையையும் கடைவரிசையையும் ஒருமுறை எண்ணிப் பார்த்து, எவர் எங்கே அமர்ந்திருக்கின்றனர், சென்ற திங்களில் எவர் பெயரை எத்தனை முறை அழைத்தோம் என்று ஒரு தாளில் குறிப்பாராக. பிறர்க்குக் காட்ட வேண்டுவதில்லை. தமக்கே ஒரு கணக்கு. கணக்கு முடிந்தபின் இருக்கைகளைத் திங்கள்தோறும் மாற்றி வைப்பதற்கு எவ்வரசாணையும் தேவையில்லை.