பகற்பார்வையும் கால்ஷியமும்

பகலாட்டம் முடிந்து சினிமாக் கொட்டகையை விட்டு வெளியே வருகிறோம். வெயில் கண்ணைக் கூசச் செய்கிறது. சற்று நேரத்தில் கூச்சம் தணிந்து யாவும் தெளிவாகத் தெரிகின்றன. கண்ணின் பாவை சுருங்குவதே காரணமென்று பலர் எண்ணுவர். பாவை எவ்வளவு சுருங்கினாலும் உள்ளே புகும் ஒளி ஏறக்குறைய 16-ல் ஒரு பங்காகவே குறையும். வெயிலுக்கும் கொட்டகை இருளுக்குமுள்ள வித்தியாசமோ பல்லாயிரம் மடங்கு!

மீதி வேலை விழித்திரையைச் சேர்ந்தது. மங்கலில் உதவும் கோலணுக்கள் அங்கே சுமார் 12 கோடி. பகலுக்கும் நிறத்துக்கும் உரிய கூம்பணுக்கள் சுமார் 60 லட்சம். வெயிலில் கோலணுக்கள் மேற்கொண்டு எதையும் உணர மாட்டாமல் ஸ்தம்பித்து விடுகின்றன. கூம்பணுக்களோ சளைப்பதில்லை. அதற்கு ஒரு முக்கிய காரணம் கால்ஷியம்.

இருளில் கூம்பணுவின் நுண்ணிய வாயில்கள் பல திறந்திருக்கும். அவற்றைத் திறந்து வைப்பது ஸைக்ளிக் ஜி.எம்.பி. என்னும் பொருள். அவ்வழியே ஸோடியமும் கால்ஷியமும் உட்புகும். ஒளி பட்டதும் அப்பொருள் சிதைய, வாயில்கள் மூடுகின்றன. (வெளிச்சம் வந்தால் கதவைச் சாத்தும் விசித்திர வீடு இது!) ஆனால் கால்ஷியத்தை வெளியே இறைக்கும் வேலை நிற்பதில்லை, ஆகவே உள்ளே அது குறைகிறது. குறைந்ததும், அதுவரை அடங்கியிருந்த நொதி ஒன்று கிளம்பி அப்பொருளை மீண்டும் உண்டாக்குகிறது. வாயில்கள் சில திறக்கின்றன. அணு அடுத்த மாறுதலை உணரத் தயாராகிறது. கோலணுவிலும் இம்முறை உண்டு. கூம்பணுவில் வேகம் அதிகம்.

ஒளி பட்டால் கால்ஷியம் பெருகுமென்றே 1970-களில் விஞ்ஞானிகள் பலர் கருதினர். அது குறைகிறதென்று யாவ், நாகதானி இருவரும் 1985-ல் கோலணுவில் காட்டினர். கால்ஷியத்தை மாறாமல் நிறுத்திவிட்டால், வெளிச்சத்துக்குப் பழகும் திறனை அணு பெரிதும் இழக்கிறதென்பது 1988-ல் தெரிந்தது.

அந்த நொதியை அடக்கும் கட்டுப்பாடு பிறவியிலேயே பழுதாகிவிடும் குடும்பங்கள் சில உண்டு. வாயில்கள் அளவுமீறித் திறந்து, கால்ஷியம் பெருகி, கூம்பணுக்கள் நாளடைவில் மடிகின்றன. அத்தகைய பிள்ளை வெயிலில் கண்ணை இடுக்கும், நிறங்களில் மயங்கும், கரும்பலகை எழுத்தைக் காணாது. அந்திக்குப் பின் தாராளமாக நடமாடும். மாலைக்கண்ணை அறிந்த நாம் இதைப் பாசாங்கென்று கண்டிக்கிறோம். என் போன்ற உபாத்தியாயர்கள் இதில் முதல்வர்கள். பாலும் கீரையும் கூட்டிக் கொடுத்தால் இது தீராது. தீர்க்கும் மருந்தும் இதுவரை இல்லை. ஆயினும் கண் வைத்தியரிடம் காட்டி, அவர் சொல்லும் வர்ணக் கண்ணாடியை வகுப்பிலும் அணிய விடலாம். ஜன்னலுக்கு முதுகாக, முன் பெஞ்சில் உட்கார வைக்கலாம்.